ருஸ்கோவின் கூரையில் பனி நிற்பதில்லை

ருஸ்கோ அண்ணன் எங்கள் மலைக்கிராமம் கோர்னா லிவாதாவிலிருந்து ஸ்மோலியன் நகரத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடும் வளைவுகளில், அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுற்றுவார், மறுகையால் சூரியகாந்தி விதை கொறிப்பார். எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தால் பின்னுக்குப் போவது எப்போதும் லாரிதான்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஏணி என்றால் ஆகாது. இரண்டு படி ஏறினால் முழங்கால் உதறும். அதற்கு மேல் ஒரு படி என்றால் முகம் வெளுத்துவிடும். இது அவருடைய ரகசியம். ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் மலையில் கூரையோடு விளையாட முடியாது. அக்டோபர் கடைசியில் புனித திமித்தர் நாள் வருவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் மேலே ஏறி, விரிசல் விட்ட ஓடுகளை மாற்றி, பாசியைச் சுரண்டி, இறவாரத்துத் தகர வாய்க்காலில் அடைந்திருக்கும் இலைகளை வாரிப் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் எந்தக் காலையில் எழுந்து பார்த்தாலும் பனி கொட்டிக் கிடக்கலாம். அந்த வாரங்களில் தெருவில் நின்று அண்ணாந்து பேசியே எங்களுக்குக் கழுத்து வலிக்கும்.

ருஸ்கோ வீட்டுக் கூரையும் வருஷா வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. எப்படி என்பது எனக்குத் தெரியும். என் ரொட்டிக் கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே மேல்தெருவில் இருக்கிறது. ரொட்டி வண்டிக்காகக் கடையைச் சீக்கிரம் திறப்பேன். தெரு விழிக்காத அந்த நேரத்தில், அவருடைய பழைய டிரைவர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மனைவி தாஃபினா முகட்டில் குதிரை ஏறியவள் மாதிரி உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருப்பாள். கீழே ருஸ்கோ இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்களை மூடியிருப்பார். தாஃபினா என்னைப் பார்த்தால் உதட்டின் மேல் விரலை வைப்பாள். நான் பார்க்காத மாதிரி தட்டுகளை அடுக்கப் போய்விடுவேன்.

அப்புறம் ஊர் எழுந்ததும் ருஸ்கோ வாசலில் நின்று முதுகைத் தேய்த்துக்கொள்வார். “முகட்டு ஓடு ரெண்டு விட்டிருந்துச்சு. மாத்தியாச்சு,” என்பார். மனிதர் பொய் சொல்ல மாட்டார். ‘மாத்தியாச்சு’ என்ற வார்த்தையில் யார் மாற்றியது என்பது இல்லையே.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், உருளைக்கிழங்கு தோண்டும் சமயத்தில், தாஃபினா உழவுசாலில் கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஸ்மோலியன் ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, குளிர்காலம் கழியும்வரை காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருப் பக்கத்து அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு ருஸ்கோ அவளை அதில் கிடத்தினார். அங்கிருந்து அவளுக்கு என் கடை தெரியும். கடைக்கு அடுத்தாற்போல, ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீடும் தெரியும். அவளுடைய கூரை அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ருஸ்கோ, ஓடு பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்கேருந்து பாத்த?”

“தெருவுலேருந்துதான். நல்லாத்தான் இருக்கு.”

“தெருவுலேருந்து பாத்தா எல்லார் கூரையும் நல்லாத்தான் இருக்கும். வாய்க்கால்ல இலை அடைஞ்சிருக்கும், போய் வாரிப் போடு.”

“நாளைக்கு.”

அந்த இலையுதிர்காலம் முழுக்க அவருக்கு நாளைக்குத்தான். ஒரு நாள் காற்று, ஒரு நாள் தூறல், ஒரு நாள் இடுப்பு. பக்கத்து வீட்டுச் சாவ்தர் அவரை விடவில்லை. சாவ்தர் காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டில் பேச்சுத்துணை இல்லாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது தெருவில் செலவழிக்கிறார். தன் கூரையில் ஏறி நின்றுகொண்டு கீழே பார்த்துக் கத்துவார்.

“யோவ் ருஸ்கோ! மேல வாய்யா! இங்கேருந்து பாத்தா உன் பஸ் ரோடு அழகாத் தெரியுது!”

“எனக்கு அந்த ரோடு மனப்பாடம். நீயே பாரு.”

“உன் வாய்க்கால்ல பிர்ச் மரம் முளைச்சிருக்குப்பா. இன்னும் கொஞ்ச நாள் விட்டா வனத்துறைகிட்ட சொல்லி வேலி போட்டுடலாம்.”

ருஸ்கோ சிரித்தபடி உள்ளே போய்விடுவார். அந்தச் சிரிப்பு வாசல்படி தாண்டும்வரைதான் நிற்கும் என்று எனக்குத் தோன்றும். சாவ்தரைக் கூப்பிட்டு “நீ ஏறிச் செஞ்சு கொடு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இத்தனை வருஷமும் தொண்டையில் இடம் வைக்கவில்லை.

திமித்தர் நாள் போனது. நவம்பரில் முதல் பனி விழுந்தது. தெருவே மண்வெட்டியோடு கிளம்பியது. ருஸ்கோ கிளம்பவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

பஸ் நிலையத்தின் காத்திருக்கும் அறையில் ஒரு காலத்தில் இருந்த தகர அடுப்பு ஒன்று அவர் கொட்டகையில் கிடந்தது. அதைத் தூக்கி உள்படிக்கட்டு வழியாக, ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவே இருக்கும் பரணுக்குக் கொண்டுபோனார். உள்படிக்கட்டு அவரை ஒன்றும் செய்யாது, அதற்குச் சுவர் இருக்கிறது. அடுப்பின் குழாயைப் புகைபோக்கியோடு சேர்த்துக் கட்டி, பீச் மரக்கட்டை போட்டு எரிக்க ஆரம்பித்தார்.

“மேல என்ன பண்ணிட்டிருக்க?” என்று தாஃபினா கட்டிலிலிருந்து கத்தினாள்.

“பனி தானா உருகிப் போகட்டும்னு ஏற்பாடு. ஏறி வழிக்கிறவன் வழிக்கட்டும். நான் அடியிலேருந்து அனுப்புறேன்.”

“வீட்டைக் கொளுத்திடாத!”

“பஸ்ஸுல எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து ஓட்டினவன் நான். நெருப்பு எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது நானே அசந்து போனேன். தெருவில் எல்லாக் கூரையும் வெள்ளை. ருஸ்கோவின் கூரை மட்டும் நனைந்த சிவப்பில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. ருஸ்கோ வாசலில் செருப்போடு, கையில் காப்பிக் கோப்பையோடு நின்று, பக்கத்துக் கூரையில் மூச்சு வாங்க மண்வெட்டி போடும் சாவ்தரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளிருதா சாவ்தர்?”

சாவ்தர் அடுத்த மண்வெட்டிப் பனியை ருஸ்கோவின் வாசல் பக்கமாக வீசினார். அவர் வாயால் சொல்லாமல் கையால் சொன்ன முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சில வாரங்கள் ருஸ்கோவின் பொற்காலம். என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஜன்னல் வழியாகக் கூரையைக் காட்டுவார். “மூளை இருந்தா முதுகு தப்பிக்கும் வேலிச்கா,” என்று எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். பரணில் ஒரு நாற்காலி போட்டார். ரேடியோ வைத்தார். மலையில் பறித்த மூலிகைத் தேநீரை அந்த அடுப்பிலேயே போட்டுக் குடித்தார். விறகு மட்டும் மளமளவென்று குறைந்தது. அதைப் பற்றித் தாஃபினா கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.

டிசம்பரில் குளிர் இறுகியது. ருஸ்கோவின் இறவாரத்தில் பனிக்கட்டி விழுதுவிட ஆரம்பித்தது. முதலில் விரல் பருமன், பிறகு கைப் பருமன். கிறிஸ்துமஸுக்குள் ஆலமரம் மாதிரி ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ருஸ்கோவும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார். விழுதுகளுக்கு மேலே இறவாரம் நெடுகக் கட்டை மாதிரி ஒரு பனிக்கட்டி வரப்பு ஏறிக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ஜனவரி நடுவில் புனித அத்தனாஸ் நாள். அன்றைக்கு அந்தப் புனிதர் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மலையேறி, ‘குளிரே போ, கோடையே வா’ என்று சொல்வார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த வருஷம் அவர் வேறு மலைக்குப் போய்விட்டார் போலும், அப்படி ஒரு குளிர். அதே புனிதரின் பெயர் வைத்த தாஃபினாவின் தம்பி தானாஸுக்கு அன்று பெயர் நாள். மேலே மேய்ச்சல் காட்டில் ஆடு வைத்திருப்பவன். அக்காவால் வர முடியாது என்று விருந்தை அக்கா வீட்டிலேயே வைத்துக்கொண்டான். சாவ்தரும் அவர் மனைவி மலினாவும் வந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். தாஃபினாவின் ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையை இழுத்துப் போட்டிருந்தார்கள். பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பு. உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி வாணலியில் சுட்ட பதாத்னிக். வீட்டில் காய்ச்சிய ரக்கியாச் சாராயம்.

தானாஸ் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கினான். “நம்ம மச்சானோட மூளைக்கு...” என்று ஆரம்பித்தான். அவன் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

தலையைத் தடவினான். அண்ணாந்து பார்த்தான். இன்னொன்று நெற்றியில் விழுந்தது. மூன்றாவது குழம்புக்குள் போனது.

“மச்சான், மேல யாரோ அழுறாங்க,” என்றான்.

யாரும் சிரித்து முடிப்பதற்குள் மச்சுப் பலகையில் பழுப்பாக ஒரு கறை தட்டு அளவு பரவி, சரம் பிடித்துக் கொட்ட ஆரம்பித்தது. நான் குழம்புச் சட்டியைத் தூக்கினேன், மலினா ரொட்டியைத் தூக்கினாள், சாவ்தர் ரக்கியாவைத் தூக்கினார். தாஃபினாவின் மடியில் ஒரு அண்டாவை வைத்தோம். மாவுக்கட்டு நனையாமல் காலுக்கு மேல் மேஜை விரிப்பைப் போட்டோம். அவள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

தானாஸ் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். “இறவாரத்துல ஐஸ் சுவர் மாதிரி நிக்குது. அதுக்குப் பின்னால குளமே கட்டியிருக்கு போல. கோடாலி குடுங்க, ரெண்டு போடு போட்டா உடைஞ்சிடும்.”

“ஓடும் சேந்து உடையும்,” என்றாள் தாஃபினா. “நீ ரக்கியா குடிச்சிருக்க. ஏணிப் பக்கம் போனா காலை ஒடைப்பேன்.”

“நானும் குடிச்சிருக்கேன். அப்ப யாரு ஏறுறது?” என்றார் சாவ்தர். கேட்டுவிட்டுத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்ட மாதிரி நிறுத்தினார்.

எல்லோரும் ருஸ்கோவைப் பார்த்தோம். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தோம். அவர் மெதுவாக எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். குல்லாயைக் காதுவரை இழுத்தார். வெளியே போனார்.

அவர் வீடு மலைச்சரிவில் இருப்பதால் கீழ்த்தெருவிலிருந்து பார்த்தால் உயரம், மேல்தெருப் பக்கம் இறவாரம் தாழ்ந்து வந்துவிடும். அங்கே ஏணி என்று பெயருக்குத்தான் ஏணி. அதைச் சாத்தினார். ஒரு படி ஏறினார். இன்னொன்று. தானாஸ் கீழே பிடித்துக்கொண்டான். மூன்றாவது படியில் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஏணியை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. குளிரில் எங்கள் மூச்சுப் புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ரசித்து வந்த ஒரு வேடிக்கை இப்படி முன்னால் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்னால முடியல,” என்றார் ஏணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. “எனக்கு ஏணின்னா பயம். எப்பவுமே பயம். நான் ஒரு ஓடுகூட மாத்தினதில்ல. எல்லாம் தாஃபினாதான்.”

சாவ்தர் சொன்னார்: “தெரியுமேப்பா.”

ருஸ்கோ தலையைத் திருப்பினார். “தெரியுமா?”

“தெருவுக்கே தெரியும். என் நாய்க்கும் தெரியும்.”

“எப்பேருந்து?”

“நீ கல்யாணம் பண்ணின வருஷத்துலேருந்து,” என்றாள் மலினா. “தாஃபினா உன் கால்சட்டையில மேல நின்னத எங்க அம்மா பாத்தாங்க. நல்ல பொண்ணாக் கட்டியிருக்கான்னு சொன்னாங்க.”

“அப்ப இத்தனை வருஷமும் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டு...”

“நீ சொல்றது நல்லா இருந்துச்சு அண்ணே,” என்றேன் நான். “‘மாத்தியாச்சு’ன்னு முதுகைத் தேய்ப்பீங்களே. அதுக்காகவே சில பேர் அன்னைக்குக் கடைக்கு வருவாங்க.”

ஜன்னலைத் திறந்துகொண்டு தாஃபினா எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டு, கையில் அண்டா. “ருஸ்கோ, இறங்கு. மேல ஒண்ணுமில்ல. வினை எல்லாம் உள்ள இருக்கு. முதல்ல அந்த அடுப்பை அணை.”

அவர் இறங்கினார். தரைக்கு வந்ததும் ஒரு முறை காலால் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

படுத்தே கிடந்த மாதங்களில் தாஃபினா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஸ்பெயின்காரர்களின் பூட்டிய வீட்டை.

“அங்க ஆள் இல்ல, அடுப்பு இல்ல, பனியை வழிக்கிறவங்க இல்ல. போய்ப் பாருங்க, இறவாரத்துல ஒரு விழுது கிடையாது. பனி மெத்தை போட்ட மாதிரி கிடக்கு. நம்ம கூரையில மட்டும்தான் இந்தக் கூத்து. ஏன்? நடுவுல அடுப்புச் சூட்டுல உருகுது. ஓடி இறவாரத்துக்கு வருது. இறவாரம் சுவருக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு, அதுக்கு அடியில சூடு ஏது? அங்க வந்ததும் உறையுது. உறைஞ்சு உறைஞ்சு அணை ஆயிடுச்சு. வாய்க்கால்ல இலை வேற. பின்னால நிக்கிற தண்ணி ஓட்டுக்கு அடியில புகுந்து என் மடிக்கு வருது.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார் ருஸ்கோ.

“சொன்னேன். ரேடியோ பாடிட்டு இருந்துச்சு.”

அடுப்பை அணைத்தார்கள். சாவ்தரும் ருஸ்கோவும் பரணின் இரண்டு பக்கச் சுவர்களிலும் கந்தல் அடைத்து வைத்திருந்த காற்றுத் துவாரங்களைத் திறந்துவிட்டார்கள். ஆனால் தேங்கின தண்ணீர் போக வழி வேண்டுமே? தானாஸின் வண்டியில் ஆடுகளுக்கு வைக்கும் உப்பு மூட்டை இருந்தது. தாஃபினா அலமாரியிலிருந்து தன் நைலான் காலுறைகளை எடுக்கச் சொன்னாள். அவற்றில் உப்பை இடித்து நிரப்பி, நீளமான கழியால் தெருவில் நின்றபடியே தூக்கி, பனிக்கட்டி வரப்புக்குக் குறுக்காக ஒவ்வொன்றாகக் கிடத்தினார் ருஸ்கோ. கழி பிடிப்பதில் அவருக்குக் கை நடுங்கவில்லை. கால்தான் தரையில் இருக்கிறதே.

ஊரில் யாரும் அதுவரை தாஃபினாவின் காலுறைகளைப் பார்த்ததில்லை. மறுநாள் எல்லோரும் பார்த்தார்கள். இறவாரம் நெடுகத் தொடைவரை பருத்த கால்கள் தொங்கின. பூசைக்குக் கிளம்பின பாதிரியார் அந்த வீட்டைக் கடக்கும்வரை தரையைப் பார்த்தே நடந்தார். “ருஸ்கோ, இத்தனை பொண்ணுங்களை மேல ஏத்திட்டு நீ மட்டும் கீழ நிக்கிறியேப்பா!” என்று சாவ்தர் சத்தம் போட்டார். ருஸ்கோவும் சேர்ந்து சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவரோடு வீட்டுக்குள்ளும் போனது.

மாலைக்குள் காலுறைகளுக்கு அடியில் உப்பு வழி அறுத்து, தேங்கியிருந்த தண்ணீர் தெருவில் கொட்ட ஆரம்பித்தது. தாஃபினாவின் மடியிலிருந்து அண்டாவை எடுத்துவிட்டோம்.

வசந்தத்தில் கட்டுப் பிரித்தார்கள். அவள் கோலூன்றி நடந்தவுடன் போட்ட முதல் உத்தரவு, கீழே வீட்டுச் சூடு பரணுக்கு ஏறாமல் மச்சின் மேல் எதையாவது விரிக்க வேண்டும் என்பது. தானாஸிடம் வாங்க ஆளில்லாத ஆட்டுரோமக் கம்பளி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. “எடுத்துட்டுப் போங்க, எனக்குக் கொட்டகை மிச்சம்,” என்றான்.

“அலசிக் காயவெச்சு விரி,” என்று தாஃபினா சொன்னாள். ருஸ்கோவுக்குப் பொறுமை இல்லை. வெட்டின கம்பளியை அப்படியே கொண்டுபோய்ப் பரண் முழுக்கக் கணுக்கால் புதையப் பரப்பிவிட்டார். மே மாதம் வெயில் ஏறியது. அந்த வீட்டைக் கடக்கும்போது தெருநாய்கள் நின்று குரைக்க ஆரம்பித்தன. என் கடையில் நின்றால் ரொட்டி வாசனையை மீறி ஆட்டுக்கிடை வாசனை வந்தது.

“உள்ள எத்தனை உருப்படி கட்டியிருக்க?” என்று சாவ்தர் வேலிக்கு மேல் கேட்டார்.

“ரெண்டுதான். நானும் அவளும்.”

கடைசியில் அத்தனையையும் திரும்ப வாரி, ஆற்றுக்குக் கொண்டுபோய் அலசி, வேலியெல்லாம் காயப்போட்டு, நடுவில் வேப்பிலை மாதிரிக் கசக்கும் ஒரு மலைச்செடியைப் பூச்சி வராமல் தூவி, மறுபடியும் விரித்தார். அந்தக் கோடைக்காலம் முழுக்க அவர் கையிலிருந்து ஆட்டு எண்ணெய் வாடை போகவில்லை. சில்லறை வாங்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

இலையுதிர்காலம் வந்ததும் தாஃபினா நல்ல வெயிலில், தெருவெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில், அதே டிரைவர் கால்சட்டையோடு கூரை ஏறினாள். ருஸ்கோ ஏணியைப் பிடித்துக்கொண்டார். இப்போதும் கண்ணை மூடித்தான். ஆனால் கூடையில் ஓடும் காப்பியும் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பினார். அவள் மேலிருந்து சொல்லச் சொல்ல இவர் கீழே ஓடு பொறுக்கினார். அடுத்த வாரம் மலினா வந்து, “எங்க முகட்டையும் ஒரு பார்வை பாரேன் தாஃபினா. இந்த மனுஷன் ஏறுறாரு, ஆனா மேல நின்னு பேசிட்டு இறங்கிடுறாரு,” என்றாள். இப்படி இன்னும் சில வீடுகள் சேர்ந்தன.

ருஸ்கோவுக்கு ஒரு புது வியாதி பிடித்தது. பனி விழுந்த மறுநாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து கூரைகளைப் படிப்பார். எங்கே பனி சீக்கிரம் கரைகிறதோ அங்கே அடியில் சூடு கசிகிறது என்று தெரிந்துகொண்டதிலிருந்து அவருக்கு ஊரில் ஒரு கூரையையும் சும்மா விட மனம் வரவில்லை. கதவைத் தட்டிச் சொல்வார். பாதி பேர் நன்றி சொன்னார்கள், பாதி பேர் கதவைத் திறக்கவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் என் கடையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். “மலினா, உங்க கூரையில புகைபோக்கிக்கு அந்தாண்ட வட்டமா ஒரு இடம் கரைஞ்சிருக்கு. பரண்ல ஏதோ சூடு இருக்கு.”

“பரண்லயா? அங்க வெங்காயம்தான் இருக்கு.”

“வெங்காயத்துக்கு இவ்வளவு சூடு வராதே.”

சாவ்தர் ரொட்டியை வாங்காமலேயே வாசலை நோக்கி நகர்ந்தார். “பாத்து நட, வழுக்கும்,” என்று மலினா அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போய்விட்டாள்.

பரணில் மின்சார அடுப்பு ஒன்று, வாணலி ஒன்று, மடக்கு நாற்காலி ஒன்று இருந்தன. கைமரத்தில் மிளகு போட்டுக் காயவைத்த இறைச்சிச் சுருள்கள் வரிசையாகத் தொங்கின. சாவ்தருக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது, முட்டைக்கோஸ்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, மலினா கோடை முழுக்க அவருக்கு முட்டைக்கோஸ் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏன் இளைக்கவில்லை என்று கவலைப்பட்டு இன்னொரு டாக்டரிடம் போகவும் நாள் குறித்திருந்தாள்.

சாவ்தர் ருஸ்கோவோடு பேசுவதை நிறுத்தினார். வேலிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர். ருஸ்கோ நிஜமாகவே வருந்தினார். “நான் சூட்டைத்தான் சொன்னேன். சுருளை யார் நினைச்சா?” என்று என்னிடம் வந்து புலம்பினார். தெருவுக்கும் அது நன்றாக இல்லை. கிண்டல் இல்லாத காலையில் ரொட்டிகூட மெதுவாகத்தான் விற்கிறது.

மார்ச்சில் ஈரப் பனி கொட்டியது. லேசான பனி இல்லை, ஊறின மாவு மாதிரிக் கனமானது. கைமரங்கள் முனகும் சத்தம் எனக்குக் கடைக்குள் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், நீளக் கழியின் நுனியில் குறுக்காகப் பலகை அடித்த ஒரு தள்ளுகோலோடு ருஸ்கோ என் கூரைக்குக் கீழே நிற்கிறார். இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் ஓடி அங்கேயும் கொஞ்சம் இழுக்கிறார். மறுபடியும் இந்தப் பக்கம் ஓடி வருகிறார். மூச்சு இரைக்கிறது.

சாவ்தர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தாங்கவில்லை.

“ஒரு பக்கமா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போக வேண்டியதுதானே! என்ன கோழி மாதிரி ஓடிட்டு?”

“ஒரு பக்கம் மட்டும் கனம் போச்சுன்னா கூரை சாஞ்சிடும். ரெண்டு பக்கமும் சமமா இறக்கணும்.”

“அதுக்கு ரெண்டு ஆள் வேணும்ல?”

“வேணும்தான்.”

சாவ்தர் கோட்டுக்குள் கையை விட்டபடி தெருவைக் கடந்து வந்தார். ருஸ்கோ கொண்டுவந்து என் கடைச் சுவரில் சாத்தியிருந்த இன்னொரு தள்ளுகோலை எடுத்துக்கொண்டு என் கடையின் பின்பக்கம் போனார். “எண்ணிக்கை நான் சொல்றேன், நீ இழு,” என்று அங்கிருந்து கத்தினார். பனி தலையில் விழாமல் நான் கடைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். கூரையின் முன்பக்கத்துப் பனி மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டுச் சரிந்து, என் கடை வாசலில் கதவுக் கைப்பிடி உயரத்துக்கு விழுந்து உட்கார்ந்தது.

“ருஸ்கோ அண்ணே! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!”

“கூரை தப்பிச்சுது தங்கச்சி!”

“கதவை யாரு திறக்கிறது?”

வெளியே, வாசலை அள்ளுவது கூரை வேலையில் சேருமா சேராதா என்று இரண்டு பேரும் தகராறு பண்ண ஆரம்பித்தார்கள்.